மறுகா

மூணாந்தரம் எண்டு சுத்தியல் விழுந்திச்சு.
ரெண்டு லட்சத்தி அறுபதாயிரம்.
களுவாஞ்சிக்குடி லீசிங் முற்றத்தில
அந்த லேண்ட்மாஸ்டர் என்ட பேருக்கு வந்திச்சு.
பையத் தடவிப் பாத்தன்.
கொண்டுவந்தது ரெண்டு எண்பது. மிச்சம் இருபது.
மிச்சத்தில ஒரு டயர்,
மிச்சத்திர மிச்சத்தில ஆளுக்கொரு சர்பத் எண்டு
மச்சாளுக்குக் கண்ணக் காட்டினன்.

மேசையில நிஹ்மத் தம்பி
பேனை மூடியக் கழட்டினார்.
"அக்கா, இது சுத்தியல் விலை.
மறுகா, ஏலக் கொம்பனி தரகு, நூத்துக்கு அஞ்சு.
பதின்மூவாயிரம்.
மறுகா, அதுக்கு வற்."
எதுக்கு, மெசினுக்கா?
"இல்லக்கா, தரகுக்கு.
ரெண்டாயிரத்தி முந்நூத்தி நாப்பது.
மறுகா, கூவினவர்ர கூலி, ஆயிரத்தி ஐநூறு."

கூவினவர் மாமரத்துக்குக் கீழ
சோடா குடிச்சிட்டு நிண்டார்.
புவனலோஜினிய
புவனராஜினி எண்டு கூவின மனிசன்.
பிழைக்குக் கழிவு கேப்பமா எண்டு நினைச்சன்.
கேக்கல்ல.

"மறுகா, முற்ற வாடகை."
ஆர் இருந்த வாடகை?
"மெசின் நிண்ட வாடகை.
நாளுக்கு நூத்தம்பது, தொண்ணூத்தி நாலு நாள்."

தொண்ணூத்தி நாலு நாளுக்கு முன்னம்
இந்த மெசின நான் கண்ணாலயும் கண்டதில்ல.
இழுவைப் பெட்டிக்குள்ள மழைத்தண்ணி தேங்கி
குப்பைக்கீரை ஒரு முழம் வளந்து கிடக்கு.
அது வளந்த இடத்துக்கும்
நான்தான் வாடகை.

பேர் மாத்துற கடதாசிக்கு நாலாயிரத்தி ஐநூறு.
கோடு இழுத்துக் கூட்டினார்:
ரெண்டு லட்சத்தி தொண்ணூத்தி ஐயாயிரத்தி
நானூத்தி நாப்பது.
"எல்லாம் வாசல்ல ஒட்டின நோட்டீசில
கிடக்கேக்கா."
கிடந்திச்சுதான்.
எறும்பு ஊர்ந்த மாதிரி, கடைசி வரியில.
நான் மெசின்ர படத்தப் பாத்தன்.

ரெண்டு அம்பத்தஞ்சில நிறுத்திப்போட்டு
மதிலோரம் கச்சான் கொறிச்சிட்டு நிண்டார்
சம்மாந்துறைக்காரர்.
காசில்லாத மனிசன் எண்டு நினைச்சிருந்தன்.
பில்லுக்குப் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பாத்தா
அவர்ர மடியில ரெண்டு தொண்ணூறு இருந்திருக்கோணும்.
எல்லாத்தையும் முதல்ல கழிச்சிப்போட்டு
மிஞ்சினத மட்டும் வாயில வெச்சிட்டு வந்தவர்.
அந்தக் கணக்கில
நான் ரெண்டு நாப்பத்தஞ்சோட
வாய மூடியிருக்கோணும்.
என்னட்டக் கூடக் காசு வெச்சிருந்து
அவர் தோத்தார். நான் வெண்டன்.
கச்சான் நீட்டினார். ரெண்டு எடுத்தன்.

கேற்றடியில ஒரு ஆள்.
கையில ஒண்டுமில்ல, தலையில ஹெல்மெட்.
பெட்டியில நீலப் பெயின்ட்டில எழுதியிருந்த
கிருபைரெத்தினம் அவர்தானாம்.
"எவ்வளவுக்குப் போச்சு?"
எந்த விலையச் சொல்லுற?
ரெண்டு அறுபது எண்டன்.
விரல மடிச்சார்.
"அப்ப எனக்கு இன்னும் அம்பது கிடக்கு."
நான் கூடக் குடுக்கப்போற
முப்பத்தஞ்சாயிரத்தில ஒரு சதம்
அவர்ர அம்பதத் தொடல்ல.
அத அவருக்குச் சொல்லல்ல.
"சோக்கப் பாதி இழுங்க, மறுகா கயித்தச் சுண்டுங்க.
முழுக்க இழுத்தா அடைச்சுக்கொள்ளும்"
எண்டுபோட்டு பைக்க உதைச்சார்.

பதினஞ்சாயிரத்துச் சொச்சத்துக்கு
விதைநெல்லுக் காசக் கொண்டு
அடுத்த நாள் போனன்.
நிஹ்மத் தம்பி என்ட முகத்தப் பாக்காம
தொண்ணூத்தி நாலை வெட்டி
தொண்ணூத்தி அஞ்சு எண்டு எழுதினார்.

குருமண்வெளித் துறையில
பொழுது சாயிற நேரம்.
பாதைக்காரன் மெசினச் சுத்திவந்து பாத்தான்.
"மெசினுக்கு இருநூறு, பெட்டிக்கு நூறு.
ஆளுக்குக் காசில்ல. சம்மதமெண்டா ஏத்துங்க."
ஏத்தல்ல. நிண்டன்.
மறுகா? எண்டு கேட்டன்.
அவன் கயித்த அவிழ்த்திட்டே சொன்னான்:
"மறுகா என்ன,
அக்கரைதான்."